ஒரே பெஞ்சில் நாலு கட்சி: பேச்சும் கெடாமல், உறவும் கெடாமல்

டீக்கடையிலும் சலூனிலும் "இங்கு அரசியல் பேசக் கூடாது" என்று எழுதி மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். கடைக்காரருக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆளுக்கு ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு நாலு பேர் முக்கால் மணி நேரம் பெஞ்சை அடைத்தால், அடுத்து வருகிறவர் நின்றபடியே குடித்துவிட்டுப் போக வேண்டும். பேசிய இருவர் முறைத்துக்கொண்டால் மறுநாள் இரண்டு பேருமே வேறு கடைக்குப் போவார்கள். நோட்டில் எழுதிய பாக்கியும் அவர்களோடு போய்விடும். அந்தப் பலகையை மாட்டியவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பேசாமல் இருப்பது தீர்வாகாது என்பது என் கட்சி. மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி, சம்பந்தி இன்னொரு கட்சி என்பது சாதாரணம். அதைப் பேசாமல் அமுக்கி வைத்தால் தேர்தல் நேரத்தில் வரப்புத் தகராறாகவோ, விசேஷத்துக்கு வராமல் போனதாகவோ, வேறு ஏதாவது ஒரு சாக்கில் வெளியே வரும். வாரத்துக்கு ஒருமுறை, ஒழுங்கோடு, எதிரெதிர் ஆட்கள் பேசிப் பழகியிருந்தால் அந்த அளவுக்குப் போகாது. எப்படி நடத்துவது, எங்கே கெடுகிறது, கெட்டால் எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை நாடாளுமன்றத் தொகுதி 1998-ல் ஜனதா கட்சியின் சுப்பிரமணியன் சுவாமியைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே மார்க்சிஸ்ட் கட்சியின் பொ. மோகன், 2004-லும் அவரே. 2009-ல் தி.மு.க., 2014-ல் அ.தி.மு.க., 2019-லும் 2024-லும் மறுபடி மார்க்சிஸ்ட். கூட்டணிகளும் அப்படித்தான் மாறின. 1998-ல் பா.ஜ.க.வோடு நின்றது அ.தி.மு.க.; 1999-ல் அதே இடத்தில் தி.மு.க. மார்க்சிஸ்ட் கட்சி 1999-ல் அ.தி.மு.க. அணியில் இருந்தது, 2004-ல் தி.மு.க. அணிக்கு வந்தது, 2009-ல் திரும்பவும் அ.தி.மு.க. அணி, 2019-ல் திரும்பவும் தி.மு.க. அணி. ஆக, ஐம்பது வயதைத் தாண்டிய எந்தக் கட்சிக்காரரும் இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரோடு ஏதாவது ஒரு தேர்தலில் ஒன்றாக நின்று ஓட்டுக் கேட்டிருக்க வாய்ப்புண்டு. புதிதாகக் கட்சி தொடங்குகிறவர்களுக்கும் மதுரைதான் களம்: தே.மு.தி.க. 2005 செப்டம்பர் 14 அன்று, மக்கள் நீதி மய்யம் 2018 பிப்ரவரி 21 அன்று, இரண்டும் இங்கேதான் தொடங்கின. தலைமைகள் சேர்ந்தும் பிரிந்தும் போகும். தெருவில் இருக்கிறவர்கள் அடுத்தடுத்த வீட்டிலேயே இருப்பார்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

ஆட்கள் நாலு முதல் ஆறு. இரண்டு பேர் மட்டும் என்றால் மல்லுக்கட்டாகிவிடும்; சூடேறும்போது இடையில் புகுந்து பேச்சைத் திருப்ப ஆள் இருக்காது. ஆறுக்கு மேல் போனால் கூட்டமாகிவிடும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்களுக்குள் தனிப் பேச்சு பேசுவார்கள், குரல் தானாக ஏறும். அந்த ஆறில் எந்தக் கட்சிக்கும் மனதைக் கொடுத்துவிடாத ஒருவராவது இருக்க வேண்டும். ஓட்டே போடாதவர் அந்த வேலைக்கு ஆகமாட்டார். தேர்தலுக்குத் தேர்தல் யோசித்து மாற்றிப் போடுகிற ஆள்தான் சரி, ஏனென்றால் மற்றவர்கள் அவரிடம் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். கோஷம் அவரிடம் எடுபடாது.

உட்காருவதில் ஒரு நுணுக்கம் உண்டு. எதிரெதிர் பெஞ்சில் கட்சிவாரியாகப் பிரிந்து உட்கார விடாதீர்கள். கலந்து, ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முகத்துக்கு நேராக விரல் நீட்ட முடியாது. நேரம் நாற்பத்தைந்து நிமிடம், இரண்டு டீ. காலை ஆறிலிருந்து எட்டு வரையும், மாலையில் வடை போடுகிற நேரத்திலும் கடைக்காரருக்கு வியாபாரம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிட்டு இரவு ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் அவரும் முகம் சுளிக்கமாட்டார். காசு முறை வைத்துக் கொடுக்க வேண்டும். பதவியில் இருக்கிற ஆளோ, வசதியான ஆளோ தினமும் கொடுக்க ஆரம்பித்தால் மற்றவர்கள் அவர் முன்னால் அவருடைய கட்சியைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவார்கள். டீக் காசுதானே என்று இதைச் சாதாரணமாக விடக் கூடாது. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பல பெஞ்சுகள் ஒருவர் கைக்குள் போனது இப்படித்தான். சரக்கு உள்ளே போனபின் அரசியல் கூடவே கூடாது; அதற்கு விளக்கம் தேவையில்லை.

எதைப் பேசுவது? பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். டெல்லியிலிருந்து தொடங்கினால் யாருக்கும் நேரில் தெரியாத விஷயத்தை டி.வி.யில் கேட்டதை வைத்து அடித்துக்கொள்ள வேண்டியதுதான். தெருச் சாக்கடையிலிருந்து தொடங்கினால் எல்லோரும் பார்த்த விஷயம். அதோடு, பாதிச் சண்டைகள் எந்த வேலை எந்த அரசுடையது என்று தெரியாமல் வருகிறவை. குப்பை, பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் 100 வார்டு கொண்ட மாநகராட்சியின் பொறுப்பு. கப்பலூர் சுங்கச்சாவடி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ் வருவது. அதற்காகத் திருமங்கலத்து கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை. ரேஷன் அரிசியில் இரண்டும் கலந்திருக்கிறது. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் வருகிறவர்களுக்கான தானியத்தை மத்திய அரசு தருகிறது. அந்த வரம்புக்குள் வராத அரிசி அட்டைகளுக்கும் கொடுப்பது மாநில அரசின் முடிவு, அந்தச் செலவும் மாநிலத்துடையது. "அது எங்க அரிசி" என்று சொல்கிற இரண்டு பேரிடமும் பாதி உண்மை இருக்கிறது. இதை யாராவது ஒருவர் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டால் அன்றைய பேச்சு வேறு தரத்துக்குப் போய்விடும்.

"எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்கவே கூடாது. ரகசிய வாக்கு என்பது பெஞ்சிலும் செல்லும்.

அடுத்ததுதான் இந்தக் கலையின் மையம். யார் எதைச் சொன்னாலும் அது மூன்று வகையில் எதில் சேரும் என்று பார்க்கப் பழகுங்கள். நடந்தது, நடந்ததற்குக் காரணம், நடக்க வேண்டியது. நடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதில் வாதமே கூடாது. காரணத்தில் வாதம் நடக்கலாம், ஆனால் ஆதாரத்தோடு நடக்க வேண்டும். நடக்க வேண்டியது என்பது அவரவர் மனசு, அவரவர் மதிப்பு. அங்கே யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாது, புரிந்துகொள்ளத்தான் முடியும். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துப் பேசுவதால்தான் கைகலப்பு வரை போகிறது.

தோப்பூர் எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எப்படிப் போகும்?

"உங்காளுக அடிக்கல்லை நாட்டிட்டு ஓடிப்போய்ட்டாய்ங்க."

"உங்காளுக ஒத்தச் செங்கல்லைக் காட்டியே ஓட்டு வாங்கிட்டாய்ங்கள்ல?"

முடிந்தது. இதற்குப் பிறகு குரல்தான் ஏறும், விஷயம் நகராது. இதையே வகை பிரித்துப் பாருங்கள். நடந்தது: தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்ற அறிவிப்பு 2015 மத்திய பட்ஜெட்டில் வந்தது. 2018 ஜூனில் தோப்பூர் தேர்வானது. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஜப்பானின் ஜைக்கா கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தானது. அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் உதயநிதி ஸ்டாலின் செங்கல்லைக் காட்டிப் பிரசாரம் செய்தார். 2022-ல் முதல் மருத்துவ மாணவர்கள் 50 பேர் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். முக்கியக் கட்டுமானம் 2024-ல் தொடங்கியது. இதில் ஒரு வரியைக்கூட எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாது. இப்போது பேச்சு இப்படி மாறும்:

"அண்ணே, 2019-ல அடிக்கல். 2024-லதான் வேலை. இந்த அஞ்சு வருசம் எதுல போச்சுன்னு நினைக்கிறீங்க?"

"கடன் கையெழுத்தாகவே ரெண்டு வருசம் தம்பி. நடுவுல கொரோனா. ஆனா அதுக்கப்புறமும் மூணு வருசம் இழுத்ததுக்கு என்கிட்ட பதில் இல்ல."

"ராஜ்கோட்ல 2020 டிசம்பர்ல அடிக்கல் நாட்டி 2024 பிப்ரவரில திறந்துட்டாங்களே?"

"அது மத்திய அரசு நேரா போட்ட காசு, இது கடன்ல கட்டுறது. சரி, இதை மட்டும் ஏன் கடனுக்கு விட்டாங்கன்னு நீ கேட்டா, அது நியாயமான கேள்விதான்."

அண்ணன் தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை, தம்பியும் விடவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் முன்பு தெரியாத ஒரு கேள்வி கையில் கிடைத்துவிட்டது. இதற்குப் பிறகு மூன்றாம் வகைக்குப் போகலாம்: தென்மாவட்டங்களுக்கு எய்ம்ஸ் மாதிரி ஒரு பெரிய நிறுவனம் வேண்டுமா, அல்லது அதே காசில் பெரியாஸ்பத்திரியையும் உசிலம்பட்டி, மேலூர் மாதிரி தாலுகா ஆஸ்பத்திரிகளையும் பலப்படுத்தலாமா? இந்தக் கேள்வியில் கட்சிக் கோடு கலைந்துவிடும். ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். அந்த இடத்துக்குப் பேச்சு வந்து சேர்ந்தால் அன்றைக்கு நன்றாக நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிற விஷயத்திலும் சண்டை வரும், அது வேறு மாதிரி. அரிட்டாபட்டி டங்ஸ்டன் விவகாரத்தில் மேலூர்ப் பக்கம் ஒருவர்கூடச் சுரங்கம் வேண்டும் என்று சொல்லவில்லை. 2024 நவம்பரில் ஏல முடிவு வெளியானது, டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம், 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை பேரணி, ஜனவரி 23 அன்று மத்திய அரசு ரத்து அறிவிப்பு. அப்புறம் பெஞ்சில் என்ன நடந்தது? "எங்களாலதான் ரத்தாச்சு" என்று ஆளுக்கு ஆள் இழுத்தார்கள். இந்தக் கேள்விக்கு முடிவே கிடையாது, ஏனென்றால் எல்லோருடைய கையும் அதில் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் எந்தக் கட்சியையும் சேராமல் நடுவில் இருப்பவர் கேள்வியை முன்பக்கம் தள்ள வேண்டும்: "இனி வராம இருக்க என்ன வேணும்?" அப்போது 2023-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசிடம் கொடுத்ததைப் பேச வேண்டிவரும், அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டும் அதன் பகுதி ஏலப் பட்டியலுக்குள் எப்படி வந்தது என்பதையும் பேச வேண்டிவரும். புகழைப் பங்கு போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி எங்கே கெடுகிறது என்பது.

முதல் ஓட்டை "நீங்க" என்ற சொல்லில் இருக்கிறது. "நீங்க மின்கட்டணத்தை ஏத்துனீங்க" என்று சொன்னால் எதிரே இருப்பவர் சட்டைப் பையில் கையை விட்டு எடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. அவர் மில்லில் ஷிப்டு பார்க்கிற மனுசர்; கட்டணத்தை அவரும்தான் கட்டுகிறார். "2022 செப்டம்பர்ல கட்டணம் ஏறுச்சே, அதை நீங்க எப்படிப் பாக்குறீங்க?" என்றால் அவர் வக்காலத்து வாங்க வேண்டிய கட்டாயம் போய்விடும். "உங்காளுக" என்பதும் இதே ரகம்தான், ஆனால் மதுரையில் அதை ஒழிக்க முடியாது. செல்லமாகச் சொல்வதும் உண்டு. தொனியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் "அப்ப உங்க ஆட்சியில?" என்று திருப்புவது. இதைத் தடை செய்தால் கேட்கமாட்டார்கள். அனுமதித்துவிடுங்கள், ஆனால் வரிசையில் வையுங்கள்: "அதையும் பேசுவோம் மாமா, இது முடியட்டும்." நடுவில் இருப்பவர் அதை மறக்காமல் பத்து நிமிடத்தில் தானே எடுத்துக்கொடுக்க வேண்டும். எடுத்துக்கொடுக்காவிட்டால் அடுத்த வாரம் அவரை யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது சாதி. தென்மாவட்டத்தில் ஒருவருடைய பெயரையும் ஊரையும் கேட்டவுடன் அவர் இன்ன கட்சிதான் என்று முடிவு கட்டுகிற பழக்கம் இருக்கிறது. பேச்சை வேரோடு அறுப்பது இதுதான், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் எந்தக் காரணம் சொன்னாலும் "பெறகு நீ வேற என்ன பேசுவ" என்ற பார்வைதான் கிடைக்கும். தன் சொந்தப் புத்தியில் யோசித்து வந்த ஆளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11, தேவர் குருபூஜை நாளான அக்டோபர் 30 ஆகிய நாட்களையொட்டி இரண்டு வாரங்களுக்குப் பெஞ்சில் வேறு விஷயம் பேசுவது நல்லது. வேடிக்கைக்குச் சொன்ன ஒரு சொல்லும் அப்போது வேறு அர்த்தத்தில் போய்ச் சேரும். தலைவர்களுடைய வீட்டுப் பெண்கள், குடும்ப விவகாரங்கள் இவையும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவை.

மதம் இதைவிடக் கவனமாகக் கையாள வேண்டியது. திருப்பரங்குன்றம் மலையில் முருகன் கோயிலும் இருக்கிறது, சிக்கந்தர் தர்காவும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசும்போது ஒரு விதி போதும். சம்பந்தப்பட்ட இரண்டு தரப்பு ஆட்களும் பெஞ்சில் இல்லாமல் பேசாதீர்கள். இல்லாத ஆளைப் பற்றிப் பேசும்போது வருகிற தைரியம் இருக்கும்போது வராது. நீதிமன்றம் என்ன சொன்னது என்றால் உத்தரவின் வாசகத்தைப் படியுங்கள், அதைப் பற்றி ஒருவர் போட்ட வீடியோவை வைத்துப் பேசாதீர்கள்.

வீடியோ என்று சொன்னதும் செல்போனுக்கு வருகிறேன். இன்றைக்குப் பேச்சைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் போனை எடுத்து ஒரு வீடியோவைச் சத்தமாக ஓடவிடுவார். வீடியோவில் பேசுகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. பெஞ்சில் இருக்கிற ஆறு பேரும் வாயடைத்துப் போவார்கள். போன்கள் கவிழ்த்து வைக்கப்பட வேண்டும். ஏதாவது சரிபார்க்க வேண்டுமென்றால் ஒரே ஒருவர், ஒரே ஒரு போனில் பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் அம்புக்குறியைப் பாருங்கள். இரட்டை அம்பும் "பலமுறை" என்ற குறிப்பும் இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது; 2020-லிருந்து அந்த மாதிரிச் செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும் என்று நிறுவனமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அனுப்பியவருக்கே மூலம் தெரியாது. அதை ஆதாரமாக ஏற்கவேண்டியதில்லை.

நம்பத்தக்க இடங்கள் இருக்கின்றன. வேட்பாளரின் சொத்து, கடன், வழக்குகள் எல்லாம் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் எடுக்கலாம். மத்தியத் திட்டங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது நாடாளுமன்றக் கேள்வி பதிலில் கிடைக்கும். மாநிலத் துறைகள் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கின்றன, அது தமிழிலேயே இருக்கும். இவை எதிலும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு; 30 நாளில் பதில் தர வேண்டும். பெஞ்சில் தீராத ஒரு வாதத்துக்கு எதிரெதிர் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து கேள்வியை எழுதி, ஒருவர் பெயரில் மனுப் போடுவது மிக நல்ல வழி. கேள்வியைச் சேர்ந்து எழுதும்போதே பாதி வாதம் தீர்ந்துவிடும், ஏனென்றால் எது தெரியாது என்று இருவரும் ஒத்துக்கொண்டால்தான் எழுதவே முடியும்.

பேப்பர் வாங்குகிற கடையாக இருந்தால் இன்னொன்று செய்யலாம். ஒரே செய்தியை இரண்டு பேப்பரில், உதாரணமாகத் தீக்கதிரிலும் தினமலரிலும், ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். தலைப்பு எப்படி மாறுகிறது, எந்த வரி ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை என்று கேட்கிறவர்களுக்கே தெரியும். தன் பேப்பர் விட்டுவிட்ட வரியைத் தானே கண்டுபிடிக்கிற ஆள் அதற்குப் பிறகு கொஞ்சம் நிதானமாகத்தான் பேசுவார்.

மதுரைக்காரர்களுக்குப் பட்டிமன்றம் புதிதில்லை. திருவிழாவுக்குத் திருவிழா கேட்டு வளர்ந்த ஊர். ஆனால் பட்டிமன்றத்தின் பழக்கத்தை அப்படியே பெஞ்சுக்குக் கொண்டுவருவதில் ஆபத்து இருக்கிறது. அங்கே கைத்தட்டலுக்குப் பேசுகிறார்கள், நடுவர் தீர்ப்புச் சொல்லி முடிக்கிறார். பெஞ்சில் தீர்ப்பு கிடையாது, இருக்கவும் கூடாது. தோற்றவர் மறுவாரம் வரமாட்டார். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பட்டிமன்றப் பேச்சாளர் தனக்குக் கொடுத்த பக்கத்தைப் பேசுவார், அது அவருடைய சொந்தக் கருத்தாக இருக்க வேண்டியதில்லை. அதை இங்கே செய்து பாருங்கள். இரண்டு பேர் பக்கத்தை மாற்றிக்கொண்டு ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டும். கேலி கூடாது, எதிர்த் தரப்பு எப்படிச் சொல்லுமோ அப்படியே. முடித்ததும் அந்தத் தரப்புக்காரர் "முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க" என்று சொல்லி அதைச் சேர்க்கலாம். நீட் தேர்வு, இருமொழிக் கொள்கை மாதிரி வருடக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வருகிற விஷயங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். முதல்முறை எல்லோருமே சொதப்புவார்கள். எதிர்த் தரப்பின் பலவீனமான வாதத்தை மட்டும்தான் நமக்குத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆம்பளைகள் உட்காருகிற பெஞ்சு. மகளிர் குழுக்களில் இது இன்னும் ஒழுங்காக நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு முதல் இருபது பேர், குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், நோட்டு உண்டு. சேமிப்பும் கடன் தவணையும் முடிந்தபிறகுதான் ஊர்க்கதை. ஒருவர் கட்டாவிட்டால் எல்லோருக்கும் பாதிப்பு என்பதால் பேச்சை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது ஒரே குழுவில் சிலருக்கு ஆயிரம் ரூபாய் வந்தது, சிலருக்கு வரவில்லை. "அவ கட்சிக்காரி, அதான் வந்துச்சு" என்று கிளம்பியிருந்தால் குழுவே உடைந்திருக்கும். விதிகளை எடுத்து வைத்துப் பேசினால் உடையாது: ஆண்டுக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம். யாருக்கு எதில் இடித்தது என்று பார்த்து மேல்முறையீட்டு மனு எழுத உதவுவது, அதன்பிறகு அந்த விதி சரியா தப்பா என்று வாதிடுவது. இந்த வரிசை ஆம்பளைகளும் கற்றுக்கொள்ள வேண்டியது.

தேர்தல் நேரத்துக்கென்று இரண்டு சட்ட விஷயங்கள். ஓட்டுப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டம், பிரசாரம் கூடாது. ஓட்டுப்பதிவு நாளில் வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பது குற்றம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டீக்கடையில் அன்றைக்கு யாராவது ஒரு சின்னத்தைச் சொல்லிச் சத்தம் போட்டால் வம்பு கடைக்காரருக்கும் வரும். அந்த மூன்று நாள் பெஞ்சுக்கு விடுமுறை விடுவது மரியாதை.

எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் ஒருநாள் வார்த்தை தடித்துவிடும். அப்போது அங்கேயே சமாதானம் பேசி வைக்க முயலாதீர்கள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். "வைகையில தண்ணி திறந்துட்டாங்களாமே" என்று பேச்சைத் திருப்பி, இருவரில் ஒருவரை வேறு யாராவது வண்டியில் ஏற்றிக் கூட்டிப் போய்விடுவதுதான் உடனடி மருந்து. அன்றிரவு இருவரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்காமல் பார்த்துக்கொள்வது நண்பர்களின் வேலை. ஸ்டேட்டஸ் வைத்துவிட்டால் ஆறு பேருக்குத் தெரிந்தது அறுநூறு பேருக்குத் தெரியும், அப்புறம் கௌரவப் பிரச்சினை. இரண்டு நாளுக்குள் வார்த்தையை விட்டவர் மற்றவருடைய வீட்டுக்கோ கடைக்கோ தனியாகப் போக வேண்டும். அங்கே சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம்: "அன்னைக்கு நான் சொன்ன அந்த வார்த்தை தப்புண்ணே. என் கருத்து அதேதான், ஆனா அந்த வார்த்தை தப்பு." கருத்தையும் சேர்த்து வாபஸ் வாங்கினால் அது நடிப்பு என்று தெரிந்துவிடும். வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டால் அவரும் "நானும் கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டேன் தம்பி" என்பார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே பெஞ்சுக்கு வர வேண்டும். தனித்தனியாக வந்தால் மற்றவர்கள் மறுபடி முகத்தை முகத்தைப் பார்ப்பார்கள்.

அரசியலில் எதிரெதிர் துருவமாக நின்ற பெரியாரும் ராஜாஜியும் கடைசிவரை நட்பைக் காத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது பெரியார் கண்ணீர் விட்டு அழுதார். அவர்கள் ஒருவருக்கொருவர் கொள்கையைத் தளர்த்திக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக, முடிவு வெளியாகிற நாள். எண்ணிக்கை காலை எட்டு மணிக்குத் தொடங்கும். மதியத்துக்குள் திசை தெரிந்துவிடும். அன்றைக்குப் பெஞ்சு வேண்டாம். ஜெயித்த பக்கத்துக்காரர் தோற்ற பக்கத்து நண்பருடைய வீட்டு வாசலில் வெடி போடக் கூடாது, அவர் வீட்டுத் தெருவில் பைக் ஊர்வலம் போனால் ஹாரனை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். சாயங்காலத்துக்குள் போன் போட வேண்டியவர் ஜெயித்தவர். தோற்றவர் முதலில் கூப்பிடுவார் என்று காத்திருந்தால் அது நாலு மாதத்துக்கு இழுக்கும். போனில் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்க என்று கேட்டால் போதும். அந்த வார டீக் காசும் ஜெயித்தவருடையது.